ஊடகவியல் படிப்பு: கேமரா கைக்கு வருவதற்குள்

ஊடகவியல் பட்டப்படிப்பை ஒருவழியாக முடித்துவிட்டேன். சேர நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: கையேட்டின் அட்டையில் கேமராவும் ஸ்டுடியோவும் இருக்கும்; முதல் வருடம் கைக்கு வருவது கட்டுரைகள்தான். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஆனால் தியரி எத்தனை தாள், செய்முறைக்கு எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டதற்கு, "சேர்ந்த பிறகு தெரியும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பாடத்திட்டத்தைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

அதற்காகத் தியரி வீண் என்று சொல்ல மாட்டேன். பார்வையாளர்கள் ஒரே செய்தியை மூன்று நிலைகளில் நின்று படிக்கலாம் என்று 1973-ல் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் எழுதினார். வேலைநிறுத்தச் செய்தி ஒன்றுக்கு 'மக்கள் அவதி' என்று தலைப்பு. ஒருவர் அப்படியே ஏற்பார். இன்னொருவர் "அவதிதான், கோரிக்கையிலும் நியாயம் இருக்கிறதே" என்பார். மூன்றாமவர் "இது முதலாளி பக்கத்துச் செய்தி" என்று தள்ளிவிடுவார். இது புரிந்தபின், எடிட்டிங்கில் யார் முகத்தை முதலில் வைப்பது என்று யோசிக்காமல் ஒரு ஷாட்டைக்கூட நான் வைத்ததில்லை.

பெரிய தலைவலி, கேமராவும் மைக்கும் இரவல் தரும் கருவி அறைதான். வழிகாட்டியின் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார் பொறுப்பாளர். வாங்கிப் போனால், படப்பிடிப்பு இடத்தின் பாதுகாப்புப் படிவம் எங்கே என்றார். அப்படி ஒன்று இருப்பதையே அதுவரை யாரும் சொல்லவில்லை. அதையும் நிரப்பிக்கொண்டு ஓடினால், நேரம் முடிந்துவிட்டதாம்! அப்புறம் என்னென்ன படிவம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து மேலே வைத்து நீட்டினேன். மறுபேச்சு இல்லை, கேமராவோடு காலர் மைக்கும் வந்தது. எதையும் எழுத்தில் கேளுங்கள்.

பேட்டி கொடுப்பவரிடம் கேமராவை ஓடவிடும் முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் எடுத்த அருமையான பேட்டி அது இல்லாமலே வீணாய்ப் போனது. செல்போனில் எடுத்தால் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் பதிவாகிறது என்பது, மாறிக்கொண்டே இருக்கலாம். நீண்ட பேட்டியில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். எடிட் செய்யும் முன் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும் பென்டிரைவ் ஃபேட்32 (FAT32) என்ற சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவுக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் ஒரு நகல்.