போனில வேணாம், நேரில வா

2025 ஒக்டோபரில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. காணிச் சண்டையோ கலியாணச் சண்டையோ இல்லை, போனில் அனுப்புகிற செய்திகளைச் சோதிக்கச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு சட்ட வரைவு! ஜேர்மனியில் இருக்கிற மச்சான் "இதை எதிர்த்து எல்லாரும் எழுதுங்க" என்று ஒரு லிங்கைப் போட, களுவாஞ்சிகுடி மச்சாள், அவ ரீச்சர், உடனே கேட்டுவிட்டா: "சின்னப் பிள்ளைகளைக் காப்பாத்தத்தானே கொண்டு வாறாங்க, அதையேன் எதிர்க்கணும்? ஒளிக்கிறதுக்கு நம்மட்ட என்ன கிடக்கு?" பெரியப்பா காலையில் போடுகிற குட்மோர்னிங் படங்களுக்குக்கூட அந்தக் கிழமை யாரும் பூ வைக்கவில்லை.

மச்சாள் கேட்டது லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. குழுவில் இவ்வளவு நீளத்துக்கு எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு இந்த வரைவை வெளியிட்டது. சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்யும் படங்கள் இணையத்தில் பரவுவதைத் தடுப்பதுதான் நோக்கம், அதில் எனக்கு ஒரு முரண்பாடும் இல்லை. அதற்கு எடுத்த வழிதான் பிரச்சினை. எதிர்ப்பவர்கள் இதை 'சட் கொன்ட்ரோல்' (அரட்டைக் கட்டுப்பாடு) என்கிறார்கள். வட்ஸ்அப்பில் 2016 முதல் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது, அதாவது அனுப்புகிறவர் போனிலும் வாங்குகிறவர் போனிலும் மட்டும்தான் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், நடுவில் கம்பனிக்காரனுக்கே அது தெரியாது. அப்படியானால் அரசு எப்படிப் பார்ப்பது? பூட்டுகிறதுக்கு முதலே, உங்கள் போனுக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பும் பொத்தானை அமத்தியதும் செயலி அந்தப் படத்தை ஏற்கெனவே தெரிந்த குற்றப் படங்களின் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாத புதுப் படமென்றால் செயற்கை நுண்ணறிவு ஊகிக்கும். எழுத்தையும் அப்படி ஊகிக்கலாம் என்றது முதல் வரைவு. பின்னால் வந்த வரைவுகளில் ஒரு வேடிக்கை, அரசின் தேசியப் பாதுகாப்பு, பொலிஸ், இராணுவக் கணக்குகளுக்கு இது பொருந்தாதாம். அவ்வளவு பத்திரமான ஏற்பாடென்றால் அவர்களுக்கு மட்டும் என்ன பயம்?

ஊகத்தில்தான் சிக்கல். கணக்குக்கு வைத்துக்கொள்வோம், ஒரு நாளைக்கு 10 கோடிப் படங்கள் போகின்றன, கருவி ஆயிரத்தில் ஒன்றைத்தான் பிழையாகப் பிடிக்கிறது. அப்படியென்றாலும் ஒரு குற்றமும் செய்யாத ஒரு லட்சம் படங்கள் நாளாந்தம் சந்தேகப் பட்டியலில் ஏறும். 2025 செப்டம்பரில் 500க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து இந்த வரைவை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

கணக்கை விடுங்கள். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், சின்ன மகனுக்கு அந்த இடத்தில் வீக்கம், வைத்தியருக்குக் காட்ட வேண்டுமென்று படம் எடுத்தார். படம் தானாகவே கூகிளில் ஏறியது, கூகிளின் கருவி அதைக் குற்றப் படமாகப் பிடித்தது, கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சல், பிள்ளையின் பழைய படங்கள், போன் நம்பர் எல்லாம் போய்விட்டன. பொலிஸ் விசாரித்துவிட்டு இதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் கூகிள் கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நியூயோர்க் டைம்ஸ் 2022இல் எழுதியது இது. எங்கள் தங்கச்சி மகனுக்கு அக்கி போட்டபோது உடுப்பில்லாத பிள்ளையின் படம் ஒன்று, முதுகிலிருந்து தொடை வரை, சூரிச்சில் தாதியாக இருக்கிற மாமிக்குப் போனது. இப்படியான படம் அனுப்பாத வீடு ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் இருக்குமா?

எழுத்தை ஊகிப்பது இன்னும் மோசம். "உன்னக் கொண்டுபோடுவன்டா" (கொன்றுவிடுவேன்) என்று எங்கள் பொடியன்கள் சொன்னால் அது அன்பு. எந்த நாட்டில் செய்த கருவிக்கு இது விளங்கப்போகிறது! மனிசருக்கே விளங்கவில்லையே. 2020 ஏப்ரலில் இங்கே இலங்கையில் ரம்ஸி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், பேனாவையும் கீபோர்டையும் கொண்டு கருத்தால் ஜிஹாத் செய்யவேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதினார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐசிசிபிஆர் சட்டத்தில் (இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான சட்டம்) கைது செய்தார்கள், செப்டம்பரில்தான் பிணை கிடைத்தது. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2023 நவம்பர் ஆகிவிட்டது. அதே 2020இல் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார். அவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்ததும் 2023 டிசம்பரில்தான்.

"ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு" என்ற கேள்விக்கு எங்கள் அம்மாவைத்தான் காட்டுவேன். அவ இன்னமும் முக்கியமான எதையும் போனில் சொல்லமாட்டா. "அதெல்லாம் போனில வேணாம் மகன், நேரில வா, மறுகா சொல்றன்" என்பா. தொண்ணூறுகளில் மாமாவோடு கதைக்க டவுனுக்குப் போய், கொமியூனிகேஷன் கடையின் பலகைத் தடுப்புக்குள் நின்று, பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கக் கதைத்தவ. காசு வந்ததைக் காசு என்றே சொல்லமாட்டா. வீட்டில் இரவு யார் படுக்கிறார்கள் என்று குடும்ப விபரம் எழுதிக் கொடுத்த யுத்த காலம் அது. அவவிடம் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. ஆனாலும் சீனி கூடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததையே நான் வீட்டுக்குப் போன பிறகுதான் சொன்னா.

சரி, கண்காணித்தால் ஊருக்குப் பாதுகாப்பு வருமே என்றால், அதற்கும் நாங்கள் தூரம் போய் உதாரணம் தேடத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முஸ்லிம் கடைக்காரர் கொத்துக்குள் ஆட்களை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை போட்டதாகக் கதை கிளம்பியது. பயந்துபோன கடைக்காரரைச் சுற்றி நின்று 'ஆம்' சொல்ல வைத்த வீடியோ பேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கப் பரவியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை, அது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வில் தெரிந்தது. இதில் இரகசியம் எங்கே? எல்லாம் பகிரங்கப் பதிவுகள். மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தோடு நாடு முழுக்க பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மறித்ததுதான் அரசுக்குத் தெரிந்த வைத்தியம்.

அதே வருசம் நவம்பர் 30, மட்டக்களப்பு வவுணதீவில் காவலில் இருந்த இரண்டு பொலிஸாரைக் கொன்றார்கள். யார் மேல் சந்தேகம் போகும் என்று மட்டக்களப்பானுக்குச் சொல்லித் தர வேண்டுமா? முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்பது, அவர்கள் 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்த பிறகுதான் வெளிவந்தது. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 4 இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 16 காத்தான்குடிப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது, அது ஒத்திகை. ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். தகவல் கையில் இருந்தும் தடுக்கவில்லை என்றுதான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. வந்து மேசையில் கிடந்த கடிதத்தை வாசிக்காதவர்களிடம் எங்கள் எல்லாருடைய கடிதங்களையும் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஐரோப்பாவில் இதை எதிர்த்து நிற்க ஒரு நிலம் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் ரஷ்யாவுக்கு எதிரான ஒரு வழக்கில், என்கிரிப்ஷனை எல்லாருக்கும் பலவீனமாக்கச் சொல்வது அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கம் தனியாக எழுதப்படவே இல்லை. இருப்பது பயங்கரவாதத் தடைச் சட்டம், 2022இல் திருத்திய பிறகும் வழக்கே இல்லாமல் 12 மாதம் தடுத்து வைக்கலாம். அதற்கு மேல் இணையப் பதிவுகளுக்கான 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை ஒரு ஆணைக்குழுவிடம் கொடுத்திருக்கிறது. மட்டக்களப்பில் ஒருவரின் போனைக் கருவி பிழையாகப் பிடித்தால் அவர் எங்கே போய், யாரிடம், எந்த மொழியில் விளக்கம் சொல்வது?

"அது ஐரோப்பாவில், நமக்கென்ன" என்று பெரியப்பா கேட்டார். வட்ஸ்அப் செய்கிற கம்பனியைக் கொழும்பு மிரட்டி இப்படி ஒரு கருவி செய்ய வைக்க முடியாது. ஐரோப்பாவுக்காகச் செய்து முடித்துவிட்டால் அப்புறம் செய்யச் சொல்லத் தேவையில்லை, கருவி தேடுகிற படங்களின் பட்டியலை மாற்றச் சொன்னால் போதும். 2021 ஓகஸ்டில் அப்பிள் கம்பனி ஐபோனுக்குள் இப்படிப் பார்க்கப்போவதாக அறிவித்தபோது எதிர்ப்பாளர்கள் சொன்னதும் இதைத்தான், 2022 டிசம்பரில் அப்பிள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

மச்சான் லிங்க் போட்ட அந்த ஒக்டோபரில் ஜேர்மனி ஆதரிக்க மறுத்ததால் வாக்கெடுப்பு நடக்கவில்லை, தலைமையில் இருந்த டென்மார்க் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. நவம்பரில் உறுப்பு நாடுகள் ஒத்துக்கொண்ட வரைவில், கம்பனிகள் விரும்பினால் பார்க்கலாம் என்றுதான் இருந்தது.

அங்கே என்ன முடிவு வந்தாலும் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. செய்தி பூட்டுப் போட்டுப் போனாலும் கூகிள் டிரைவில் ஏறுகிற உங்கள் வட்ஸ்அப் பக்அப் தானாகப் பூட்டியிருக்கும் என்று நினைக்காதீர்கள். செட்டிங்ஸில் சட் பக்அப் என்ற இடத்துக்குப் போய் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பக்அப்பை ஒன் பண்ணுங்கள், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்டால் ஒன்றைப் போடுங்கள். கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள், மறந்தால் வட்ஸ்அப்காரனாலும் திறந்து தர ஏலாது.