பாம்புக்காக ஒரு ரிவால்வர்: எடையில் தொடங்கி ரவையில் முடிந்த கதை

நில அளவை என் தொழில். வருடத்தில் பாதி நாள் முழங்கால் உயரப் புல்லிலும் பாறை இடுக்கிலும்தான் போகிறது. கால் ஒரு பக்கம் நடக்கும், கண் கருவியில் இருக்கும். ஒரு நாள் காலை எல்லைக்கல்லைத் தேடிப் புதரை விலக்கினால், வாலைக் கிலுகிலுக்கும் குழிவிரியன் ஒன்று என் பூட்ஸிலிருந்து இரண்டு முழம் தள்ளிச் சுருண்டு கிடந்தது. அது கடிக்கவில்லை. நான்தான் மல்லாக்க விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அன்று ராத்திரியே ரிவால்வர் தேட உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. அது இடத்துக்கு இடம் மாறும். துப்பாக்கி வைத்துக்கொள்ள என்ன அனுமதி வேண்டும் என்பது ஒன்று. பாம்பைக் கொல்வதே குற்றமா என்பது இன்னொன்று. பல ஊர்களில் பல பாம்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டையும் விசாரித்து, பாதுகாப்பு வகுப்பையும் முடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஏன் ரிவால்வர், ஏன் பிஸ்டல் இல்லை என்று கேட்பார்கள். ஒற்றைக் குண்டால் நெளியும் பாம்பின் தலையை அடிப்பது என்னைப் போன்றவனுக்கு நடக்காத காரியம். அதற்கென்று ரவைத் தோட்டா இருக்கிறது: ஒரு குண்டுக்குப் பதிலாக, பொடி ஈய ரவைகளை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் அடைத்திருப்பார்கள். பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் அளவுக்கு இந்தத் தோட்டாவுக்குப் பெரும்பாலும் உந்துதல் பற்றாது, பாதியில் சிக்கிக்கொள்ளும். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. ட்ரிகரை இழுத்தால் விரலின் பலத்திலேயே சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் உள்ள உருளை, சுழன்று அடுத்த அறை வந்துவிடும். முதல் இரண்டு அறையில் ரவை, மீதியில் சாதாரணக் குண்டு என்று கலந்தும் போட்டுக்கொள்ளலாம்.

நான் தேட ஆரம்பித்தபோது மனதில் இருந்தது எடை மட்டும்தான். ஏற்கெனவே முக்காலி, கருவி, பேட்டரி, தண்ணீர் என்று சுமப்பவன். அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். இரண்டு துணிப்பை தைத்து, ஒன்றில் 400 கிராம் மணல், இன்னொன்றில் 850 கிராம் மணல். பைக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்கிற பையன், "என்னண்ணே, நேர்த்திக்கடனா?" என்று கேட்டான். கேட்கட்டும். கனமான பை மூன்றாவது நாளே பெல்ட்டைக் கீழே இழுத்து இடுப்பெலும்பில் சிவப்பாகத் தடம் போட்டது. நாலாவது நாள் அதை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். எனக்குத் தேவையான பதில் அதுதான்: வண்டியில் கிடக்கிற துப்பாக்கி பாம்புக்கு ஆகாது.

இதிலேயே .410 ஷாட்கன் தோட்டா போடும் பெரிய ரிவால்வர்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன (இந்தப் புள்ளி எண்களெல்லாம் தோட்டா அளவின் பெயர்கள்). பாம்புக்கு அவைதான் சிறந்தவை என்று சொல்பவர்கள் உண்டு, ரவையும் அதிகம் பிடிக்கும். ஆனால் அந்த நீளத் தோட்டாவுக்குச் சிலிண்டரே கைப்பிடி அளவுக்கு நீள வேண்டியிருக்கிறது. எடை பெரும்பாலும் முக்கால் கிலோவைத் தாண்டிவிடுகிறது.

அடுத்து .22. கையில் எடுத்தால் பொம்மை மாதிரி. சுடும்போது கையில் உதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, எட்டுத் தோட்டா பிடிக்கும். வாங்கியே இருப்பேன். ஆனால் பயிற்சி மைதானத்தில் அதன் ரவைத் தோட்டாவை ஒரு அட்டையில் சுட்டுப் பார்த்தபோது மனசு மாறியது. அதில் இருப்பது வெறும் 2 கிராம் ரவை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டரில் பரவாயில்லை. இரண்டு மீட்டரில் அட்டையின் முன்தாளைத் துளைத்து உள்மடிப்பில் நின்றுவிட்டவைதான் அதிகம். நகத்தால் கிள்ளி எடுக்க முடிந்தது. பாம்புக்குக் காயம் பட்டு, கோபமும் வந்து, அது உயிரோடும் இருந்தால் என் கதி என்ன?

சரி, அப்படியானால் பலமானதே வாங்கிவிடுவோம் என்று எதிர்முனைக்கு ஓடினேன். டைட்டானியம் சிலிண்டர் வைத்த .357 மேக்னம் ஒன்று, சுமார் 330 கிராம். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. பயிற்சி கொடுத்தவர் அதைப் பார்த்ததும் சிரித்தார். "சார், அஞ்சையும் சுட்டுடாதீங்க. நாலு சுட்டுட்டு, அஞ்சாவதை வெளியே எடுத்து என்கிட்ட காட்டுங்க" என்றார். முதல் தோட்டாவிலேயே கட்டைவிரல் மூட்டில் சுத்தியலால் தட்டியது மாதிரி இருந்தது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். அதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. நாலுக்குப் பிறகு சிலிண்டரைத் திறந்து ஐந்தாவதை எடுத்தேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து சுடாத புதுத்தோட்டா ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். என்னுடையதன் குண்டு பித்தளைக் கூட்டிலிருந்து நகக்கண் அளவு வெளியே வந்திருந்தது.

துப்பாக்கி லேசாக இருந்தால் உதையை வாங்கிக்கொள்ள அதில் கனம் இல்லை. வெடித்ததும் மொத்தத் துப்பாக்கியும் பின்னால் பாய்கிறது. சுடாத அறையில் இருக்கும் தோட்டாவின் கூடும் அதோடு போகிறது, குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் குண்டு சிலிண்டருக்கு வெளியே தலைநீட்டி, துப்பாக்கியின் உடற்சட்டத்தில் முட்டி, சிலிண்டரே சுழலாமல் நின்றுவிடும். ரிவால்வர் சிக்காது என்ற நம்பிக்கையில்தானே அதைத் தேடி வந்தேன்! ரவைத் தோட்டாவின் பிளாஸ்டிக் குப்பிக்கும் இதே ஆபத்து உண்டு. முன்னால் நகரலாம், விரிசல் விட்டு ரவையைச் சிந்தலாம்.

அன்றைக்குத்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். எவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, என் கையும் அந்தப் பிளாஸ்டிக் குப்பியும் தாங்குகிற அளவுக்கு எது லேசு என்று கேட்டேன். பதில் .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவில் கிடைத்தது. அதன் ரவைத் தோட்டாவில் சுமார் 6 கிராம் ரவை, ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர். எண்ணிக்கை நூற்றுக்கு மேல். உதை மேக்னத்தில் பாதிகூட இல்லை. அலுமினியச் சட்டம் வைத்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஏர்வெயிட் 642, 2009-இல் வந்த ரூகர் எல்சிஆர், இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுட்டேன். எடை இரண்டும் 400 கிராமை ஒட்டித்தான். எல்சிஆர் சற்றே குறைவு, சுமார் 380. கைப்பிடிப் பகுதியின் சட்டம் பிளாஸ்டிக். ட்ரிகர் எனக்கு அதில்தான் வழவழப்பாக இருந்தது. என் விரல் குட்டை. உங்களுக்கு மற்றது பிடிக்கலாம்.

எல்சிஆரை வாங்கிய பிறகுதான் உண்மையான வேலை. கெட்டி அட்டையில் பாம்பின் சுருளைக் கரியால் வரைந்து, ஒன்றரை மீட்டர், இரண்டு, மூன்று என்று தள்ளி வைத்துச் சுட்டேன். ஒன்றரை மீட்டரில் ஒரு சாண் அகலத்துக்கு அடர்த்தியாக விழுந்தது. மூன்று மீட்டரில் இரண்டரைச் சாணுக்கு விரிந்து, நடுவில் வளையல் மாதிரி ஒரு வெற்றிடம். பாம்பின் தலை தாராளமாகத் தப்பிக்கும். காரணம் குழலுக்குள் இருக்கும் சுருள்வரிகள். ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராகப் போக வைப்பவை, ரவைக் கூட்டத்தையும் சுழற்றி வெளிப்பக்கமாக வீசிவிடுகின்றன. ஆக என் எல்லை இரண்டு மீட்டர். அதற்கு மேல் தூரம் இருந்தால் சுடவே தேவையில்லை, நடந்து போய்விடலாம். பாம்பு பொதுவாகத் தன் நீளத்தில் பாதிக்கு மேல் பாய்ந்து கடிப்பதில்லை.

அப்படியானால் துப்பாக்கி தேவைப்படும் இடம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். பின்னால் பாறை, நகர வழியில்லை, பாம்பு இரண்டு மீட்டருக்குள். அவ்வளவுதான். இது எனக்கு அட்டையில் ஓட்டைகளை எண்ணும்போதுதான் உறைத்தது. அதே வாரம் முழங்கால் வரை வரும் பாம்புக்கடியைத் தடுக்கும் காலுறையும், நெஞ்சுயரக் கம்பு ஒன்றும் வாங்கினேன். இவற்றை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள் சில. கற்பாறை மேல் சுட்டால் ரவை உங்கள் மேலேயே திரும்பி வரும். கண்ணாடி போடாமல் பழகாதீர்கள். குட்டைக் குழலின் சத்தம் 140 டெசிபலை நன்றாகவே தாண்டுகிறது, ஒரே வெடியில் காதைக் கெடுக்க அது போதும். இடுப்பு உறை எனக்குச் சரிவரவில்லை. முதுகுப் பையின் இடுப்புப் பட்டை அதை மூடிக்கொள்கிறது. நெஞ்சில் கட்டும் உறைக்கு மாறினேன். அப்புறம், சுட்ட பாம்பின் தலையைக் கையால் தொடவே கூடாது. உடலிலிருந்து துண்டித்த தலைகூட நெடுநேரம் கடிக்கும், விஷமும் இறங்கும்.

இரண்டு வருடம் ஆகிறது. காட்டில் ஒரு முறைகூடச் சுடவில்லை. போன மழைக்காலத்தில் ஒற்றையடிப் பாதையின் குறுக்கே ஒரு விரியன் கிடந்தது. கை நெஞ்சுக்குப் போனது உண்மை. கால் அதற்கு முன்பே மூன்றடி பின்னால் வந்திருந்தது. கம்பால் தரையைத் தட்டினேன், அது அசையவில்லை, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, முள்ளுக்குள் நுழைந்து சுற்றிப் போனேன். சட்டை கிழிந்தது.

மாதம் ஒரு தடவை ரவைத் தோட்டா இரண்டையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். சென்ற மாதம் ஒன்றின் குப்பியில் முடி அளவு விரிசல். மாற்றிவிட்டேன்.