நவம்பர் 1

இன்னைக்கு எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல உள்ளூர் விடுமுறை. "எதுக்குப்பா லீவு?"ன்னு காலையிலேயே மகள் கேட்டா. 1956-ல இதே நாள்லதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தாய்த் தமிழகத்தோட சேர்ந்து நம்ம மாவட்டமாச்சுன்னு சொன்னேன். (அப்போ பேரு சென்னை மாநிலம்.) இப்போ கேரளாவுல இருக்கிற தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் கேட்டோம். கிடைக்கல. அது இன்னும் மனசுல உறுத்துது.

சும்மா வந்த நாள் இல்ல இது. மார்ஷல் நேசமணி முன்னின்று நடத்தின போராட்டத்துல, 1954 ஆகஸ்ட் 11 அன்னைக்கு மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தமிழ் பேசினவங்க தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டதுக்குத்தான் அந்தக் குண்டு. செத்தவங்க எல்லாம் நம்மைப் போல சாதாரண ஊர்க்காரங்க. மார்த்தாண்டம் ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

சாயங்காலம் மகளைப் புதுக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்.