பகோடா தெருவில் தொடங்கியது

8 மார்ச் 2023, சிங்கப்பூர்

சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால் பகோடா தெரு. சீனர் பேட்டைதானே, பழைய புத்தர் கோயில் ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். தெருக்கோடியில் நிற்பதோ மாரியம்மன் கோயில்! நம் கோபுரத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் 'பகோடா' என்று பேர் வைத்திருக்கிறான். நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில். சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமே மசூதி. சீனர்கள் இந்த வட்டாரத்தைச் சொல்லும் பேருக்கு 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்று பொருள். அந்தக் காலத்தில் தண்ணீர் அப்படித்தான் வந்திருக்கிறது.

12 மார்ச், கொல்கத்தா

இங்குள்ள பழைய சீனர் பேட்டை டிரெட்டா பஜார். அதன் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டுக்கு விடியும்போதே போகச் சொன்னார்கள். நான் எட்டரைக்குப் போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த மீன் உருண்டை சூப் மட்டும் கிடைத்தது. அதுவும் ஆறிப்போய்.

அலங்கார வளைவு இல்லை, சிவப்புக் காகித விளக்குகள் இல்லை. ஆட்களே குறைவு. 1962 இந்திய-சீனப் போரின்போது சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளியே வரவே வருஷக்கணக்கானது. வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் கைவிட்டுப் போயிருந்தன. டொரன்டோ பக்கம் போய்விட்டவர்கள் ஏராளம். இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் அவர்கள்! சூப் இறங்கவில்லை.

13 மார்ச், டாங்ரா, கொல்கத்தா

ஹக்கா என்ற சீனப் பிரிவினரின் தோல் பதனிடும் பேட்டை. நீதிமன்ற உத்தரவால் தொழில் ஊருக்கு வெளியே பான்டாலாவுக்குப் போக, பல கொட்டகைகள் உணவகமாகிவிட்டன. நாம் தெருமுனை வண்டியில் சாப்பிடும் சில்லி சிக்கன் வகையறாவுக்கெல்லாம் கொல்கத்தா சீனர்கள்தான் ஆதி. சீனக் காளி கோயிலில் படையல் நூடுல்ஸ். அம்மன் மறுப்பாளா என்ன?

20 அக்டோபர், சான்பிரான்சிஸ்கோ

இந்த ஊர் சைனாடவுனின் கிரான்ட் அவென்யூவில் டிராகன் வாசல், வளைந்த கூரைகள், ஆளாளுக்கு செல்ஃபி. எனக்கு முதலில் எரிச்சல்தான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. 1906 பூகம்பத்தில் எல்லாம் எரிந்துபோன பிறகு, இங்கிருந்த சீனர்களை ஊரோரம் ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்குத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறது நகர நிர்வாகம். வியாபாரிகள் அசையவில்லை. வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்களையே வைத்து, வேடிக்கை பார்க்க ஊரே வரும்படி இந்தக் கூரைகளைக் கட்டிக்கொண்டார்கள். வாசல் 1970இல் வந்தது.

ஒரு தெரு மேலே, ஸ்டாக்டனில், அலங்காரம் அவ்வளவாக இல்லை. பாட்டிகள் நீளக் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து, முகம் சுளித்து, திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.