முழங்கையில் சிக்கிய நரம்பு

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இடது சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போனபோது, கழுத்து எலும்புத் தேய்மானம் என்றே பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வேலந்தாவளம் வழியாகப் பஸ் ஏறி, கோயம்புத்தூரில் நரம்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் கோளாறு முழங்கையில் என்று தெரிந்தது.

முழங்கையின் உட்பக்கம் எதிலாவது இடித்தால் விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அங்கே ஓடுவது அல்நார் நரம்பு. எலும்புக்கும் ஒரு நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகிய வழியில் அது போகிறது. கையை மடக்கினால் அந்த வழி இறுகும். எனக்கோ பகல் முழுவதும் மடக்கிய கை, தூக்கத்திலும் அப்படித்தான்.

மருத்துவர் நரம்பைத் தடவிப் பார்த்தார். உணர்ச்சியற்ற தேமல் உடம்பில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடினார். தொழுநோயிலும் இதே இடத்தில் இதே நரம்பு தடிக்குமாம். என் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நம் நாட்டில் அதைப் பார்க்காமல் விடக் கூடாது என்பதே என் எண்ணம். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். வலது கட்டைவிரல் நேராக நின்றது. இடது கட்டைவிரல் நுனியில் மடங்கியது. அல்நார் நரம்பு தளர்ந்ததற்கு அது அடையாளமாம். நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையும், கோளாறு முழங்கையில்தான் என்று உறுதி செய்தது.

இரவில் முழங்கையில் துண்டைச் சுற்றி, மடங்காமல் கட்டிக்கொண்டு படுத்தேன். மரப்பு குறைந்தது. ஆனால் கட்டைவிரலை ஒட்டிப் புறங்கையில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. "மரப்பு மட்டும் என்றால் காத்திருக்கலாம். சதை வற்றத் தொடங்கிய பிறகு தள்ளிப்போடாதீர்கள்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே சம்மதித்தேன்.

கையை மட்டும் மரக்கச் செய்து அறுவைச் சிகிச்சை நடந்தது. பட்டையை வெட்டிவிட்ட பிறகும், கையை மடக்கும்போது நரம்பு எலும்பின் மேல் வழுக்கி வந்ததாம். அதனால் அதை எலும்புக்கு முன்புறம் கொண்டுவந்து, தோலடிக் கொழுப்பின் கீழ் வைத்தார்கள். எல்லோருக்கும் இப்படி இடம் மாற்றத் தேவையில்லை. பலருக்குப் பட்டையை வெட்டுவதே போதும்.

தையல் பிரித்ததும் பழைய கை திரும்பிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை எவ்வளவு தூரம்! இரவுக் குடைச்சல் முதலில் போனது. தொடு உணர்ச்சி மெல்ல மெல்ல வந்தது. தழும்பின் அருகே தோல் இன்னும் மரத்தே இருக்கிறது. குழியும் முழுதாக நிரம்பவில்லை. வற்றிய சதை ஓரளவுக்குத்தான் தேறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். துணியை இழுத்துப் பிடித்து மெஷினில் ஓட்ட முடிகிறது. காஜா எடுப்பதை இப்போதைக்கு மனைவி பார்த்துக்கொள்கிறாள்.