தாவரவியல் படித்துக்கொண்டே எம்.ஐ.எஸ்.: தருமபுரியில் நான் அலைந்த கதை

என் மதிப்பெண் பட்டியலில் 'மேலாண்மைத் தகவல் அமைப்புகள்' (எம்.ஐ.எஸ்.) என்ற வரி ஒருவழியாக ஏறிவிட்டது. ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்குகளைக் கணினியில் தொகுத்து முடிவெடுக்கப் பயன்படுத்துவது பற்றிய பாடம் அது. அந்த ஒரு வரிக்கு அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பாடம் என்னைப் படுத்தவில்லை, தேர்வும் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் கல்லூரி அலுவலக ஜன்னல்தான். பி.காம்., பி.பி.ஏ. தவிர வேறு எது படிக்கிறவர்களும் இதைத் துணைப்பாடமாக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் எந்தக் காகிதம் எப்போது கையில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. தாவரவியல். ஊர் பாலக்கோடு பக்கம். எங்கள் துறையில் முடித்துவிட்டு ஓசூரில் நர்சரி, விதைக் கம்பெனி, ரோஜா ஏற்றுமதி என்று வேலைக்குப் போன அக்காக்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "செடியைப் பத்தி ரெண்டு கேள்வி கேட்கறாங்க. அப்புறம் ஸ்டாக் எப்படிப் பார்ப்ப, ஈ.ஆர்.பி. தெரியுமா, டேட்டாபேஸ்னா என்னன்னுதான் போகுது." ஈ.ஆர்.பி. என்றால் கம்பெனியின் ஸ்டாக், கணக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள். இந்தப் பாடத்தை எடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பட்டப்படிப்பின் பகுதி 4-இல் 'நான்-மேஜர் எலெக்டிவ்' என்று, வேறு துறைப் பாடம் ஒன்றை விரும்பி எடுக்கும் இடம் உண்டு. அது இதற்குத்தானே இருக்கிறது என்று நம்பிப் போனேன். வணிகவியல் துறை கொடுத்த பட்டியலில் பாடமும் இருந்தது. ஜன்னலில் இருந்தவர் என் விண்ணப்பத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"பாட்டனி செட்டுக்கு மொத்தமா வேற போட்டாச்சும்மா. டைம்டேபிள் ஒத்து வராது."

"நம்ம விருப்பம்தானே சார் இது?"

"விருப்பமெல்லாம் ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கும்."

எங்கள் துறை மற்றவர்களுக்கு நடத்துவது காளான் வளர்ப்பு. அதற்கும் வேறொரு துறையை அப்படியே மொத்தமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் விரும்பி எடுக்க வேண்டிய ஒரே இடத்தையும் இப்படி அடைத்துவிட்டால் எதற்கு அந்தப் பகுதி? இதைக் கேட்க ஆள் இல்லை.

எங்கள் துறைத் தலைவர் மேடம்தான் வழி சொன்னார். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடத்தை எடு, அதற்குக் கிடைக்கும் கிரெடிட்டை (பாடத்தின் அளவுக்கேற்ற மதிப்புப் புள்ளியை) இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார். சேருவதற்குப் பணம் கிடையாது. தேர்வு எழுதினால்தான் கட்டணம்; நான் எழுதியபோது 1000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. 12 வாரப் பாடம் என்றால் 12 அசைன்மென்ட்; அதில் நன்றாகச் செய்த 8 மட்டும் கணக்கில் வரும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேறுவதற்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 30, தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றில் அள்ளிவிட்டு மற்றதில் விட்டால் சான்றிதழ் வராது. அசைன்மென்டைக் கெடு நாள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் மழை தூறினாலே கரண்டும் போகும், நெட்டும் போகும்.

சேருவதற்கு முன்னாலேயே முதல்வருக்கு ஒரு மனு எழுதினேன். இன்ன பாடம், இத்தனை வாரம், இத்தனை கிரெடிட், துணைப்பாடமாக ஏற்க வேண்டும் என்று. அதைக் கொடுக்கப் போகும்போது சித்தப்பா ஒன்று சொன்னார். அவர் கிராம உதவியாளர், ஆயுசு முழுக்க மனுக்களோடு இருப்பவர். "நகல்ல சீலும் இன்வர்ட் நம்பரும் வாங்காம எந்த ஆபீஸ்லயும் மனு குடுக்காத கண்ணு." ஜன்னலில் முகம் சுளித்தார்கள். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்கள். நான் நகர்வதாக இல்லை. கடைசியில் நகலின் மூலையில் சீல் வைத்து, தபால் பதிவேட்டில் ஏறிய இன்வர்ட் எண்ணை எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார்கள். முதல்வரின் ஒப்புதல் கையெழுத்து வந்ததும் அதையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். இந்த இரண்டு தாள்தான் பின்னால் என்னைக் காப்பாற்றின.

பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வணிகம் படிக்காதவர்களுக்கு ஏறாது என்று பயமுறுத்துகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. முதல் வாரங்களில் லாபம், மதிப்புச் சங்கிலி என்று சில சொற்கள் புதிதாக வரும், அவ்வளவுதான். வீடியோ ஆங்கிலத்தில் ஓடும். சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்துப்படி உண்டு, தளத்தில் தேடிப் பாருங்கள்.

எனக்கு எல்லாம் தெளிந்தது டேட்டாபேஸ் பகுதியில். மாமா பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு வரியிலும் விவசாயி பெயர், பெட்டி எண்ணிக்கை, விலை, கமிஷன், வண்டி வாடகை. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் 'டிராக்டர்காரர்', அடுத்த பக்கத்தில் 'மாரண்டஅள்ளி பெரியவர்', இன்னொரு பக்கத்தில் இனிஷியலோடு முழுப்பெயர். மாமாவுக்கு எல்லாம் ஒருவர்தான் என்று தெரியும். மாமா ஊரில் இல்லாத நாளில் கடைப் பையனுக்குத் தெரியாது. பாக்கி கணக்கில் தகராறு வருவது அங்கேதான். 1970-ல் ஐ.பி.எம்.-இல் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய அட்டவணை முறை டேட்டாபேஸ்கள் எல்லாம் கிளம்பின. அதைப் படித்த வாரம் அந்த நோட்டை மூன்று அட்டவணையாகப் பிரித்தேன்: விவசாயி, வரவு, விற்பனை. விவசாயி ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயரை ஒரே இடத்தில் மட்டும் எழுதுவது, மற்ற இடங்களில் அந்த எண். ஒரு பருவத்துக் கணக்கை ஏற்றியதும் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது உடனே வந்து நின்றது. மாமா நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு பேருக்கு நான் குறைச்சுக் கொடுத்திருக்கேனே" என்று அன்றைக்கே போன் போட்டுப் பணம் கொடுத்தார். பரிவர்த்தனைப் பதிவு, மேலாளருக்கான அறிக்கை, முடிவெடுக்க உதவும் அமைப்பு என்று பாடத்தில் அடுக்கடுக்காகச் சொல்வதெல்லாம் எனக்கு அந்த மண்டியில்தான் புரிந்தது.

தேர்வு சேலத்தில், காலை அமர்வு, 9 மணிக்கு. இங்கே ஒரு எச்சரிக்கை. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம்தானே என்று நினைக்காதீர்கள், நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அன்றைக்கு இறக்கத்தில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது, பஸ் நகரவே இல்லை. விடிவதற்கு முன்பே கிளம்பியதால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னோடு அதே பஸ்ஸில் வந்த ஒரு தம்பி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கிய வேகத்தில் ஹால் டிக்கெட்டை விட்டுவிட்டு ஓடினான். கண்டக்டர் அண்ணன் பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுத்தார். காலை அமர்வு விழுந்தால் முதல் நாளே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டை அச்சிட்டு எடுத்துப் போங்கள், அடையாள அட்டை அசலாக இருக்கட்டும். தேர்வு நல்லபடியாக முடிந்தது, சான்றிதழும் வந்தது.

அப்புறம்தான் உண்மையான தேர்வு ஆரம்பித்தது.

சான்றிதழோடு தேர்வுப் பிரிவுக்குப் போனால், "இதுக்கு பேப்பர் கோடு இல்லையே, எங்க ஏத்தறது?" என்றார்கள். முதல்வர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்றால், "ஃபைல்ல அப்படி ஒண்ணும் இல்லை." பல்கலைக்கழகத்தில் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்க விட்டுப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: மாணவர் நேராக வந்தால் எதுவும் செய்ய முடியாது, கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும் என்று. இதை எங்கள் ஜன்னலில் இருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? பஸ் காசு, ஒரு நாள் ப்ராக்டிகல், இரண்டும் போனது. யாராவது உங்களைப் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அப்போது போகவும் வேண்டாம்.

திரும்பி வந்து நகலை நீட்டினேன். சீல், இன்வர்ட் எண், தேதி. தபால் பதிவேட்டைப் புரட்டினால் அந்த எண் அங்கே இருந்தது. தாள்தான் ஃபைலில் இல்லை. அதற்கு மேல் "வரவே இல்லை" என்று சொல்ல முடியவில்லை.

அடுத்து, ஆன்லைன் பாடத்துக்கு விதியே இல்லை என்றார் இன்னொருவர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) ஒழுங்குமுறையை மேடம் ஏற்கெனவே அச்செடுத்துக் கொடுத்திருந்தார். 2016-ல் 20 சதவீதம் வரை என்று இருந்தது, 2021-ல் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்று உயர்த்தினார்கள். அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு மேசையில் வைத்தேன். வாதம் அங்கேயே நின்றது.

அதற்கப்புறம் கிரெடிட் கணக்கு. நான் முடித்தது 3 கிரெடிட் பாடம், காலியாக இருந்த இடம் 2 கிரெடிட். "மூணை எப்படி ரெண்டுல போடறது?" கடைசியில் கூடுதல் கிரெடிட் என்ற தலைப்பில் ஏற்றலாம் என்று மேடம் குறிப்பு எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு 2 கிரெடிட் இடம்தான் இருக்கிறது என்றால், 8 வாரப் பாடமாகப் பார்த்து எடுங்கள், அது சரியாகப் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட என்னை அழ வைத்தது பெயர்தான். கிரெடிட் ஏற ஏபிசி எண் வேண்டும் என்றார்கள். மாணவர் சேர்க்கும் கிரெடிட்டை எல்லாம் வரவு வைக்கும் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கின் எண் அது. டிஜிலாக்கர் வழியாக எடுத்தேன், ஆதாரில் இருப்பதுபோல என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக வந்தது. பிளஸ் டூ சான்றிதழில் இனிஷியல் முன்னால். கல்லூரிக் கணினியில் சேர்க்கையின்போது யாரோ இனிஷியலையே வேறு எழுத்தாகத் தட்டியிருந்தார்கள். மூன்று பெயர், ஒரே ஆள். மண்டி நோட்டில் நான் சரிசெய்த அதே கோளாறு, பல்லாயிரம் பிள்ளைகளின் விவரத்தை வைத்திருக்கும் இடத்தில். என் சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்துப் பாருங்கள், அதில் சரியாகத்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். அதைத் தேடி எடுக்கவே பல நாள் இழுத்தார்கள். தப்பாகத் தட்டியவர்கள் அவர்கள், பிரமாணப் பத்திரம் கொண்டு வா என்று கேட்டது என்னிடம். மேடம் நேரில் வந்து பேசிய பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தே திருத்தினார்கள்.

முதல் ஆண்டிலேயே இதை மட்டும் செய்துவிடுங்கள்: ஆதார், பிளஸ் டூ சான்றிதழ், கல்லூரிப் பதிவு, ஸ்வயம் கணக்கு, நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தேர்வுக்குப் பதிவு செய்தபின் சான்றிதழில் வரும் பெயரை மாற்றுவது லேசில்லை.

இப்போது எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டுத் தங்கைகள் சிலர் இதே பாடத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். என் மனுவின் வாசகத்தையே பார்த்து எழுதினார்கள், நகலில் சீலும் வாங்கிவிட்டார்கள். ஸ்வயம் பாடங்களின் பட்டியலை முன்கூட்டியே ஏற்று, அதற்கெல்லாம் பேப்பர் கோடு கொடுக்க வேண்டும் என்று மேடம் கல்லூரிக்கு எழுதியிருக்கிறார். அது முடிவாகும் வரை ஆளுக்கொரு மனுதான், ஆளுக்கொரு இன்வர்ட் எண்தான்.