ஐஸ் பேசினில் தொடங்கி ஹியூரன் ஏரி வரை

கனடாவுக்குப் போவதற்கு மூன்று கிழமைக்கு முன், வாழைச்சேனையில் தெரிந்த மீன்வாடி ஒன்றில் ஐஸ் வாங்கி வந்து, வீட்டு முற்றத்தில் பேசினில் கொட்டி, தண்ணீர் விட்டு, மணிக்கட்டு மூழ்கக் கையை வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கொளுக்கி, ஈயம் கட்டும் இடுப்புப் பட்டி. ஐந்து நிமிடம் கழித்துக் கையை எடுத்து அந்தக் கொளுக்கியைத் திறந்து பூட்ட வேண்டும். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இதென்ன மனே, நேர்த்தியா?” என்று கேட்டார்.

ஒரு வகையில் நேர்த்திதான். இரண்டு வருடமாகப் பாசிக்குடாவில் சுழியோடுகிறேன். பதிவுக் கொப்பியில் 34 இறக்கம் இருக்கிறது. நம் பக்கத்துக் கடல் சித்திரையில் அமைதியாகி, புரட்டாதி வரைதான் இடம் தரும். அந்த நாளில் தண்ணீர் 28, 29 பாகை. அரைக்கை உடுப்பும், அமிழ்வதற்கு இடுப்பில் ஐந்து கிலோ ஈயமும் போதும். பிரிட்டிஷ் சார்ஜன்ற் கப்பலுக்கு மூன்று முறை இறங்கியிருக்கிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் தாக்கிய அதே நாளில் மூழ்கியது அது. ஏறத்தாழ 25 மீற்றர். ஹெர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, என் பயிற்சிக்கு அது எட்டாது. ஆக, குளிர் என்று எனக்குத் தெரிந்தது மார்கழி வாடைக்காற்று மட்டும்.

அக்கா இருப்பது ஸ்காபரோவில். ஆனி மாதம் வரச் சொல்லியிருந்தார். அத்தானோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன் பல வருடமாக ஏரியில் சுழியோடுகிறவன் என்று கேள்விப்பட்டதும், பயணப் பெட்டியை விட்டுவிட்டு இந்தப் பேசின் வேலையைத் தொடங்கிவிட்டேன். “அண்ணை, குளிர் முதலிலே விரலைத்தான் பிடிக்கும்” என்று அவன் தொலைபேசியில் சொன்னதுதான் காரணம். முதல் நாள் வெறுங்கையோடு ஐந்து நிமிடம் வைத்தேன். எடுத்தபோது விரல் என்னுடையதாக இல்லை. கொளுக்கி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் அக்கா 5 மில்லிமீற்றர் கையுறை கொடுத்துவிட்டார். அதைப் போட்டுப் பழகி, மூன்றாம் கிழமை கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலாலும் உள்ளங்கையாலும் திறக்கப் பிடிபட்டது.

ரொறன்ரோவிலிருந்து ரொபர்மோரி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் சந்திக்கிற முனை. 1987இல் அமைத்த தேசிய கடற்பூங்கா ஒன்று அங்கே இருக்கிறது, அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. இறங்குவதற்கு முன் பூங்காவில் பதிய வேண்டும்.

முதல் இறக்கம் கரையிலிருந்து, சிறிய இழுவைப் படகுகள் மூழ்கிக் கிடக்கும் இடத்தில். 7 மில்லிமீற்றர் உடுப்பு இரண்டு அடுக்கு, தலைமூடி, கையுறை, இடுப்பில் 12 கிலோ. நன்னீர் என்பதால் கடலைவிடக் கொஞ்சம் குறைத்த பிறகும் அவ்வளவு. கரையிலிருந்து தண்ணீருக்கு நடப்பதற்குள் வேர்த்துவிட்டது. பிறகு முகம் தண்ணீரில் பட்டது. ஐஸ்பழத்தை ஒரே கடியில் விழுங்கினால் நெற்றியில் ஏறுமே, அந்த வலி உதட்டிலிருந்து உச்சிவரை. மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே இழுப்பது மட்டும் நடக்கிறது, விடுவது நடக்கவில்லை. ஒரு காதுக்குள் மட்டும் தண்ணீர் புகுந்ததும் ஏரி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து சுழன்றது. படகொன்றின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அது நிற்கும்வரை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பியில் எழுதியது: 9 பாகை, 10 மீற்றர், 19 நிமிடம், நிமிடத்துக்கு 34 லீற்றர் காற்று. பாசிக்குடாவில் எனக்கு 18 லீற்றர்தான் போகும்.

அடுத்த நாள் பொடியன் ஒரு சின்ன வித்தை காட்டினான். இறங்குவதற்கு முன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலைமூடிக்குள் கையால் தண்ணீர் விட்டு இரண்டு காதையும் சேர்த்து நனைத்துவிட வேண்டும். பிறகு வாயில் றெகுலேற்றரோடு, அதாவது சிலிண்டர்க் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியோடு, முகத்தை மட்டும் இரண்டு நிமிடம் முக்கி வைத்திருக்க வேண்டும். வலி வரும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். அதன் பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். இந்த இரண்டு நிமிடம்தான் முழுப் பயணத்திலும் எனக்குக் கிடைத்த பெரிய சாமான். அன்று 29 லீற்றருக்கு வந்துவிட்டது.

அன்று பார்த்தது ஸ்வீப்ஸ்ரேக்ஸ். 1867இல் கட்டிய பாய்க்கப்பல், 1885இல் நிலக்கரியோடு அடிபட்டு, துறைமுகத்துக்குள் இழுத்துவரப்பட்டு அங்கேயே அமிழ்ந்தது. ஆறு மீற்றர்தான். மரக்கப்பல், அப்படியே இருக்கிறது. முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலி சுற்றும் உருளை, பலகைக்குப் பலகை தெரிகிற விலா. நம் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு நன்னீரில் இல்லை, குளிர் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. எனக்கு ஆச்சரியம் ஒரு பக்கம், ஒருவிதச் சஞ்சலம் மறுபக்கம். நம் சார்ஜன்றில் இரும்பு எது பவளம் எது என்று பிரிக்க முடியாது. மீன் கூட்டத்தைக் கையால் விலக்கித்தான் கப்பலைப் பார்க்க வேண்டும். இங்கே மீனும் இல்லை, பாசியும் பெரிதாக இல்லை. ஆள் இப்போதுதான் எழும்பிப் போன வீடு மாதிரி இருந்தது.

மூன்றாம் இறக்கத்தில் உலர் உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறப்பர் இறுக்கிப் பிடிக்க, உள்ளே கம்பளிச் சட்டையோடு தண்ணீர் படாமல் இறங்குவது. சுகம்தான், ஆனால் உடுப்புக்குள் இருக்கிற காற்று சொன்ன இடத்தில் நிற்காது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினேன், காற்று முழுக்கக் காலுக்குப் போய், வௌவால் மாதிரித் தொங்கினேன். முழங்காலை மடித்து உருண்டு நிமிரப் பழகவே அந்த நாள் போனது. காற்றுக் கணக்கை எழுதவில்லை, வெட்கம்.

நாலாவது நயாகரா 2. 1999இல் சுழியோடிகளுக்கென்றே மூழ்கடித்த கப்பல், அடி ஏறத்தாழ 30 மீற்றர். கயிற்றைப் பிடித்து இறங்கும்போது 12 மீற்றர் அளவில் தண்ணீர் கானல் மாதிரி நெளிந்தது. கையை நீட்டினேன், முழங்கை இந்தப் பக்கம், விரல் அந்தப் பக்கம், நடுவில் கோடு போட்டாற்போல் குளிர். அதற்குக் கீழே 5 பாகை. தண்ணீர் 4 பாகையில்தான் ஆகப் பாரம், அதனால் கோடையிலும் ஏரியின் அடியில் அந்தக் குளிர் படிந்தே கிடக்குமாம்.

20 மீற்றரில் பிழை விட்டேன். வேகமாக இறங்குகிறேன் என்று பட்டு, உடுப்புக்குக் காற்று விடும் பொத்தானை நீளமாக அழுத்தியபடியே பெரிதாக ஒரு மூச்சும் இழுத்தேன். அழுத்தம் ஒரேயடியாக விரியும்போது காற்று குளிர்ந்து போகும், அந்தக் குளிரில் றெகுலேற்றருக்குள் ஐஸ் பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. வாயிலிருந்து சோடாப் போத்தல் உடைந்த மாதிரிக் குமிழி. முகமூடி அதிர, எதுவும் தெரியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் பொடியன் தன் இரண்டாவது றெகுலேற்றரை நீட்டிக்கொண்டிருந்தான். மூன்று கிழமை முற்றத்தில் பழகிய கொளுக்கி அதில் இல்லை, வெறும் இறப்பர் வளையம், இழுத்தவுடன் வந்துவிட்டது. சேர்ந்து ஏறி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்தோம். 150 பார் அழுத்தத்தில் காற்று இருந்த சிலிண்டரில் 40 மிச்சம். படகில் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பொடியன் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையுறைக்குள் ஊற்றினான், அவ்வளவுதான்.

அடுத்த நாள் போகவா விடவா என்று அக்கா வீட்டுக்கு அழைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார். குளிருக்கென்று மூடிக் கட்டிய வேறு றெகுலேற்றரை வாடகைக்கு எடுத்தேன். பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டேன், மூச்சு விடும்போது மட்டும். 22 மீற்றரில் அதே நயாகரா 2இன் மேல்தட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்கவில்லை. 5 பாகை, 24 நிமிடம், 23 லீற்றர்.

ஆடியில் திரும்பி வந்து பாசிக்குடாவில் இறங்கினேன். 28 பாகை, 16 லீற்றர். படகோட்டி, “என்ன மச்சான், நித்திரை கொண்டுவிட்டு வந்தாயா?” என்றான். இறங்குவதற்கு முன் முகத்தை இரண்டு நிமிடம் முக்கி வைப்பதை மட்டும் இங்கும் விடவில்லை. கையுறைக்கு இங்கே வேலை இல்லை என்று கொடியில் காயப்போட்டிருந்தேன். அதை அம்மா எடுத்து நண்டு கழுவுகிறார், கிழமையில் இரண்டு முறை. பெருவிரல் பக்கம் ஏற்கெனவே ஒரு ஓட்டை.